கிட்டங்கிச் சாவி

போன வாரம் செல்லக்கனி கிட்டங்கிச் சாவியைத் தன் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கணவன் பால்துரையின் கையில் கொடுத்தாள். "இனி இது உங்ககிட்டயே கெடக்கட்டும். எங்கிட்ட இருந்தா, பிள்ள அழுதா எம்மனசு எளகிரும்" என்றாள். அந்த இடத்தில் நாம் அவளை விட்டுவிட்டு வந்தோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு சில்லுக் கருப்பட்டி கொடுக்க மாட்டேன் என்கிறவள் தாயா பேயா என்று சில வீடுகளில் பேச்சு நடந்ததாகக் கேள்வி. பேசியவர்கள் இன்று ஒரு பகல் அவளோடு இருந்து பார்க்கட்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பால்துரைக்குத் தூத்துக்குடியில் மொத்தக் கருப்பட்டி வியாபாரம். கீழே கிட்டங்கி, மேலே குடியிருப்பு. உடன்குடியிலிருந்து வண்டியில் வந்து இறங்கும் சரக்கு, தோணி ஏறும்வரை கீழேதான் அடுக்கியிருக்கும். மச்சுப் பலகை இடுக்கு வழியாக அந்த வாசனை மேலே ஏறித் துணியிலும் தலையணையிலும் தலைமுடியிலும் படிந்துவிடும். அந்த வீட்டில்தான் அவர்களுடைய ஒரே மகள் அருணாசலவடிவுக்கு நீரிழிவு வந்தது. வேறு வீடே கிடைக்கவில்லையா அந்தப் பாழாய்ப்போன வியாதிக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

போன ஆடியில் வடிவு ஓயாமல் தண்ணீர் குடித்து, எலும்பாய் இளைத்து, நினைவு தப்பிய பிறகுதான் டாக்டர் கிருபாநிதியிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டுப் பிழைக்க வைத்தவர், இனி ஆயுசு முழுக்கக் காலையிலும் மாலையிலும் ஊசி, சீனி ஆகவே ஆகாது என்றார். இவர்களும் சீனியை நிறுத்தினார்கள். அந்த வீட்டில் சீனி வாங்குவதே தீபாவளிக்குத்தான். நிறுத்துவதில் என்ன சிரமம்? கருப்பட்டிக் காப்பியை மட்டும் வழக்கம்போலக் கொடுத்தார்கள். பனங்காட்டு ஜனங்களுக்குக் கருப்பட்டி ஒரு தீங்கு செய்யும் என்று நினைக்கவே வராது. சளிக்கும் அதுதான், சூட்டுக்கும் அதுதான், பிள்ளை பெற்றவளுக்குப் பலமும் அதுதான். சீனிதான் மில்லில் வெளுத்து வருகிற அந்நியச் சரக்கு. வடிவு மறுபடியும் மயங்கி விழுந்து, டாக்டர் குறுக்கு விசாரணை செய்தபோதுதான் செல்லக்கனிக்கு விஷயம் விளங்கியது. அன்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு மகள் வாயில் கருப்பட்டி பட அவள் விட்டதில்லை.

அப்படியும் இந்த ஒரு மாதமாகச் சோதனை சரியாக வரவில்லை.

தினமும் காலையில் வடிவின் சிறுநீரில் சில சொட்டுகளை டாக்டர் கொடுத்த நீல மருந்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலம் அப்படியே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறினால் கவலை. செங்கல் நிறம் வந்தால் உடம்பில் சர்க்கரை வழிகிறது என்று அர்த்தம். வடிவுக்கு வந்துகொண்டிருந்தது செங்கல்தான். பிள்ளை திருடித் தின்கிறாள் என்று போன வாரம் செல்லக்கனி கிட்டங்கியைப் பூட்டினாள். பூட்டிய பிறகும் செங்கல். டாக்டர் மருந்தைக் கூட்டினார், பிறகு இன்னும் கூட்டினார். கடைசியாகப் போனபோது அவர் முகம் கடுத்திருந்தது.

"சண்டையில கப்பலெல்லாம் முங்குது. சீமையிலேருந்து இந்த மருந்து வாறதே பெரிசு" என்றார். "தேவமணி டீச்சர் மகளுக்கும் இதே வியாதி. இருக்கிறத ரெண்டு பிள்ளைக்கும் பங்கு வச்சிக் குடுக்கேன். பத்தியம் காக்காத வீட்டுக்குக் குடுத்து வீணாக்க மாட்டேன், பாத்துக்கோ."

இன்று காலையிலும் கண்ணாடிக் குழாயில் செங்கல் நிறம்தான் தெரிந்தது. செல்லக்கனி ஈரமணல் பானைக்குள் குளிர்ச்சியாக வைத்திருந்த மருந்துப் புட்டியை எடுத்தாள். டாக்டர் சொன்ன புது அளவுக்கு ஊசிக் குழலில் மருந்தை ஏற்றினாள். வடிவு பாவாடையைத் தானே தூக்கித் தொடையைக் காட்டினாள். முன்பெல்லாம் அழுவாள், இப்போது அழுவதில்லை. அழுதாலாவது தேவலை என்று செல்லக்கனிக்குத் தோன்றியது.

வாசலில் மாட்டுவண்டி நின்றது. ஈஸ்டர் அன்று கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து தெருவில் பாதி வீடுகள் காலி. அடுத்த குண்டு தூத்துக்குடித் துறைமுகத்துக்குத்தான் என்று சொல்லிச் சொல்லியே ஜனங்கள் மேற்கே கிளம்பிவிட்டார்கள். பால்துரையும் எட்டுப் பத்து மைலில் இருக்கிற புதுக்கோட்டைக் கிராமத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டான். டாக்டர் இருக்கிற ஊரை விட்டு ஒரு அடி நகர மாட்டேன் என்று செல்லக்கனி நின்றுகொண்டாள். ஆகவே முதலில் சாமான்களையும் தன் அக்காள் சண்முகத்தாயையும் கொண்டுபோய் விட்டு வருவதென்று அவன் முடிவு செய்திருந்தான்.

சண்முகத்தாய் இளம் வயதில் தாலி அறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்தவள். வடிவை வளர்த்ததில் பாதி அவள். முந்தின நாளே அடுப்படிச் சாமான்களைச் சாக்கில் கட்டியவள், கிளம்புகிற நேரத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏளா செல்லக்கனி, நான் நாளைக்குப் போறேனே. பிள்ள மொகம் வாடிக் கெடக்கு."

"நீங்க போங்க மைனி. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

"நீ ஊசியத்தான் பாப்ப" என்றாள் சண்முகத்தாய்.

செல்லக்கனிக்குச் சுருக்கென்றது. பதில் சொன்னால் பேச்சு வளரும் என்று உள்ளே போய்விட்டாள். மைனி பிள்ளையைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னது தெரிந்தது. வண்டி நகர்ந்தபோது செல்லக்கனிக்கு உண்மையில் நிம்மதியாகத்தான் இருந்தது. இந்த வீட்டில் நான், என் பிள்ளை, அவள் வியாதி, வேறு யாரும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு மனுஷியின் ஆசை சுருங்கிச் சுருங்கி இவ்வளவுக்கு வந்து நின்றது பரிதாபம்தான்.

மத்தியானம் சோறு வைத்தபோது வடிவு மீனை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றைத் தள்ளினாள்.

"அத்தை எப்பம்மா வருவா?"

"அத்தை அங்கனதான் இருப்பா. நீ சோத்தத் தின்னு."

"எனக்கு வேண்டாம்."

"ஊசி போட்டா திங்கணும். டாக்டரய்யா சொன்னாருல்லா?"

"எல்லாத்துக்கும் டாக்டரய்யாதான்" என்று பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. செல்லக்கனியும் மனுஷிதானே, அலுத்துப்போய் விட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தின்பாள் என்று தட்டை மூடி வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

வெயில் சாய ஆரம்பித்தபோது வடிவு கூப்பிடுகிற சத்தம் கேட்டது. குரல் ஒரு மாதிரி குழைந்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளையின் சட்டை வேர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. கை நடுங்கிற்று. உதடு வெளுத்துப் போயிருந்தது.

"அம்மா, நீ ஏன் ரெண்டு பேரா நிக்க?"

டாக்டர் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். சர்க்கரை கூடினால் ஒரு மயக்கம், மருந்து அதிகப்பட்டுச் சர்க்கரை குறைந்தால் வேறொரு மயக்கம். வேர்த்து நடுங்கிப் பேச்சுக் குழறினால் உடனே கொஞ்சம் சீனியைக் கரைத்துப் புகட்டிவிட வேண்டும். தாமதித்தால் பிள்ளை தங்காது. அதற்கென்றே அடுப்படியில் உயரத்தில் ஒரு தகர டப்பாவில் சீனி வைத்திருந்தாள். டப்பாவைக் காணோம். பலகை முழுவதும் துடைத்தாற்போல் காலியாக இருந்தது. மைனி கட்டிய சாக்கில் அதுவும் சேர்ந்து புதுக்கோட்டைக்குப் போய்விட்டது.

மூடி வைத்த சோற்றை அள்ளி வடிவின் வாயில் வைத்தாள். சோறு வாயிலேயே நின்றது. விழுங்குகிற சுரணை பிள்ளைக்கு இல்லை என்று கண்டு விரலால் வழித்தெடுத்தாள்.

தெருப்பக்கம் ஓடிக் கூப்பிட்டாள். எதிர்வீடு பூட்டு, பக்கத்து வீடு பூட்டு, அதற்கடுத்ததும் பூட்டு. ஒரு நாய் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டது. டாக்டர் வீடு ஊரின் அந்தக் கோடியில். பிள்ளையை விட்டுவிட்டும் ஓட முடியாது, தூக்கிக்கொண்டு ஓடி வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வாள்?

கீழே கிட்டங்கி நிறையக் கருப்பட்டி இருந்தது. ஊரில் பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் நாக்கில் தொட்டுச் சேனை வைக்கலாம், அவ்வளவு இருந்தது. செல்லக்கனி படியில் விழுந்தடித்து இறங்கினாள். கதவில் திண்டுக்கல் பூட்டு தொங்கியது. சாவி பால்துரையோடு புதுக்கோட்டைக்குப் போயிருந்தது. உலக்கையை எடுத்து வந்து இடித்தாள். பூட்டு அசையவில்லை, நாதாங்கியும் அசையவில்லை. இதே பூட்டை நல்ல பூட்டாகப் பார்த்து வாங்குங்கள் என்று சொன்னதும் அவள்தான். கதவு இடுக்கிலிருந்து கருப்பட்டி வாசனை முகத்தில் அடித்தது. பெற்ற பிள்ளையை நானே பூட்டிச் சாகவைக்கிறேனே என்று அவள் வாய்விட்டுக் கதறினாள். கேட்க ஆளில்லை.

மேலே வந்தபோது வடிவின் கண் பாதி செருகியிருந்தது. மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தைத் தட்டினாள்.

"வடிவு, ஏ வடிவு, என்னப் பாரு. கண்ணத் தொற."

"அத்தை" என்றது பிள்ளை. "அத்தை தருவா."

"என்னத்தத் தருவா?"

"சாமிக்குப் பொறத்த இருக்கும். அத்தை தருவா."

செல்லக்கனி சுவரைப் பார்த்தாள். திருச்செந்தூர் முருகன் படம் மாட்டியிருந்தது. எழுந்து போய்ப் படத்தை இழுத்தாள். பின்னால் இருந்த மாடக்குழிக்குள் ஒரு சின்ன ஓலைக்கொட்டான். அதில் வாய்வரை சில்லுக் கருப்பட்டி.

ஒரு மாதமாக வந்த செங்கல் நிறத்துக்கு அர்த்தம் அந்தக் கொட்டானுக்குள் இருந்தது. கோபப்பட நேரமில்லை. ஒரு சில்லை உடைத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரலால் தொட்டு வடிவின் ஈறில் தடவினாள். திரும்பத் தொட்டாள், தடவினாள். பிள்ளை விழுங்க ஆரம்பித்ததும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். எந்தக் கையால் இத்தனை நாள் தட்டிப் பறித்தாளோ அதே கையால் ஊட்டினாள்.

வேர்வை அடங்கியது. வெளுத்த உதடு மறுபடி சிவந்தது. வடிவு கண் திறந்து அம்மாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் கையில் இருந்த கருப்பட்டியைப் பார்த்தாள். முகத்தில் அப்படியொரு பயம்.

"நான் எடுக்கலம்மா. வாயில எப்பிடி வந்துதுன்னு தெரியல" என்றாள். "துப்பிரட்டுமா?"

செல்லக்கனி அன்று அழுத அழுகையை எழுதி மாளாது. "துப்பாத. முழுங்கு, தாயி. முழுங்கு" என்று பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

பிறகு சோற்றையும் ஊட்டிப் படுக்க வைத்துவிட்டு, கொட்டானை எடுத்துப் பார்த்தாள். கருப்பட்டி வியாபாரி பெண்டாட்டிக்குச் சரக்கைப் பார்த்தால் தெரியாதா? சுக்கும் ஏலமும் தட்டிப்போட்ட சில்லு, சுற்றிய ஓலைகூடப் பச்சை மாறவில்லை. இது இந்த வாரம் வந்து இறங்கிய சரக்கு. கிட்டங்கியைப் பூட்டிச் சாவியை அவள் கணவனிடம் கொடுத்த பிறகு வந்தது. கதவை உடைத்து யாரும் எடுக்கவில்லை. உடைக்க முடியாது என்பதை அவள் இப்போதுதான் உலக்கையோடு கண்டுகொண்டு வந்திருக்கிறாள்.

வண்டி திரும்பி வந்தபோது சண்முகத்தாயும் அதிலேயே உட்கார்ந்திருந்தாள். புதுக்கோட்டையில் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்துத் தம்பியோடு திரும்பிவிட்டாளாம். பிள்ளையைத் தேடிக்கொண்டு மேலே ஏறியவள், கூடத்து நடுவில் கொட்டானைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

செல்லக்கனி அவளைக் கேட்கவில்லை. கணவனைத்தான் கேட்டாள்.

"நீங்கதான எடுத்துக் குடுத்திய?"

பால்துரை தோள்துண்டை எடுத்துக் கையில் சுருட்டினான். "அக்கா சாமிக்கு வைக்கக் கேட்டா."

"சாமிக்கு வச்சதத்தாம்ளா பிள்ளைக்குக் குடுத்தேன்" என்றாள் சண்முகத்தாய். "திருச்செந்தூரான் முன்னால வச்சு எடுத்ததுல என்ன தோசம் வந்துரும்? இவ பொறந்தன்னைக்கு இதே கருப்பட்டியத் தொட்டுச் சேனை வச்சவ நான். எங்கையால குடுத்தது பிள்ளையக் கொல்லுமா?"

"தெனமுமா குடுத்திய?"

"மத்தியானம் நீ துணி தொவைக்கப் போகும்போது, சாயந்தரம் வெளக்கேத்தப் போகும்போது. ஒரு துண்டுதாம்ளா. அது மொகத்தப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல."

"நீங்க குடுக்கக் குடுக்க நான் ஊசியக் கூட்டிக்கிட்டே போனேன் மைனி" என்றாள் செல்லக்கனி. குரலை உயர்த்தவில்லை. "நேத்து வரைக்கும் நீங்க குடுத்தது அந்த ஊசிக்கு ஈடாப் போச்சு. இன்னைக்கு ஆளே இல்ல. கூட்டுன ஊசி மட்டும் உள்ள போச்சு, பிள்ள சோறும் திங்கல. இவ இப்பம் செத்திருப்பா. உங்க கருப்பட்டியால இல்ல, என் கையால."

சண்முகத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு மெல்ல நகர்ந்து போய்த் தூங்குகிற பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கால் சூடாக இருந்ததும் சத்தமில்லாமல் அழுதாள். அவளை ஏசுவதற்காகச் செல்லக்கனி கொட்டானைப் பார்த்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அங்கேயே நின்றுபோயின. இவளும் என்னைப்போல்தான் அந்தப் பிள்ளையிடம் மாட்டிக்கொண்டவள் என்று நினைத்தாள். மன்னிக்க மட்டும் மனம் வரவில்லை.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மாலை ஊசி போட வேண்டிய வேளை. எவ்வளவு போடுவது? இத்தனை நாள் போட்ட அளவு பொய்யின்மேல் கட்டியது. அதையே போட்டால் விடிவதற்குள் பிள்ளை போய்விடும். போடாமலே விட்டால் பழைய மயக்கம் வரும். இரண்டுக்கும் நடுவில் சரியான கோடு எது என்று அவளுக்குத் தெரியாது.

"டாக்டர்ட்டப் போவோம்" என்று பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

படியில் பால்துரை வழிமறித்தான். "உள்ளதச் சொல்லாத, செல்லக்கனி. சோறு திங்கல, மயங்கிட்டான்னு மட்டும் சொல்லு. பத்தியம் தப்புச்சுன்னு தெரிஞ்சா மருந்த நிறுத்திப்புடுவாரு. அந்த டீச்சர் மகளுக்குத் தூக்கிக் குடுத்துருவாரு. பெறகு எங்கன போய் வாங்க?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கொடுமை. சொன்னால் மருந்து போய்விடும். சொல்லாவிட்டால் அந்த மருந்தே பிள்ளையைக் கொண்டுபோய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வண்டியில் வழியெல்லாம், மறுபடி வேர்க்கிறதா என்று பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள்.

டாக்டர் வீட்டு முன்கூடத்தில் விளக்கேற்றி, வெளிச்சம் தெருவில் விழாமல் சன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். பெஞ்சில் தேவமணி டீச்சர் தன் மகளோடு உட்கார்ந்திருந்தாள். மருந்துக்குத்தான் வந்திருக்கிறாள். அந்தச் சிறுமியின் எலும்பாய்த் தெரிந்த மணிக்கட்டைப் பார்த்த செல்லக்கனி கண்ணை எடுத்துக்கொண்டாள். வடிவின் மணிக்கட்டும் அப்படித்தான் இருந்தது.

டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அலமாரியில் அந்தத் தட்டில் வேறு புட்டி இல்லை. வடிவின் நாடியைப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"என்ன நடந்துச்சு?"

"மத்தியானம் சோறு திங்காம இருந்துட்டா, டாக்டரய்யா. லேசா ஒரு மயக்கம்" என்றான் பால்துரை.

"காலையில என்ன நிறம்?"

"செங்கல்தான்."

"பத்தியம் தப்பலையே?"

"ஒரு குறையும் இல்ல" என்றான் அவன்.

டாக்டர் யோசித்தார். "அப்பம் சோறு திங்காததுதான் காரணம். இன்னைக்கு அதே அளவு போடுங்க. நாளைக்கும் செங்கல் வந்தா ஊசிக் குழல்ல இன்னும் ஒரு கோடு கூட்டணும்."

பால்துரை தலையாட்டினான். தேவமணி டீச்சர் தன் மகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். வடிவு தூக்கத்தில் அம்மாவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"கூட்டாதிய, டாக்டரய்யா" என்றாள் செல்லக்கனி. "அவுக சொன்னது பொய். தெனமும் எங்க வீட்ல கருப்பட்டி குடுத்திருக்கோம்."

பால்துரை ஏதோ சொல்ல வாயெடுத்தான். டாக்டர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

"யார் குடுத்தது?"

"எங்க வீட்ல குடுத்தது" என்றாள் அவள் மறுபடியும். மைனி பெயரை ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியாது.

தேவமணி டீச்சர் தலை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஆசை இருந்தது. தன் பிள்ளைக்காகப் படுகிற ஆசை. செல்லக்கனிக்கு அது நன்றாகத் தெரியும். அந்தப் பெஞ்சில் தானிருந்தால் தானும் அப்படித்தான் பார்த்திருப்பாள்.

டாக்டர் கையிலிருந்த புட்டியைத் தேவமணி டீச்சரிடம் கொடுத்தார். பிறகு செல்லக்கனி பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்ல ஒரு புட்டி வச்சிருக்கியே, அதுல மருந்து இருக்கா?"

"முக்காவாசி இருக்கு."

"அத எடுத்துட்டு வா" என்றார்.

அளவு பார்த்துச் சொல்வதற்கா, அதையும் வாங்கி வைத்துக்கொள்வதற்கா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. வடிவைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தாள்.